என் 'நோயெதிர்ப்பு வயது' 67 என்று சொன்ன ரத்தப் பரிசோதனைப் பெட்டி: ஒரு முடக்குவாதக்காரியின் விமர்சனம்

பெட்டியைப் பிரிக்கவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளி இழுக்க வேண்டும். ஒன்பது வருடமாக முடக்குவாதத்தோடு இருக்கிற விரல்களுக்கு அந்தக் கிள்ளல் ஒரு தேர்வு மாதிரி. கடைசியில் மகளைக் கூப்பிட்டேன்.

எனக்கு வயது 49. நோய் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சிசிபி ஆன்டிபாடி (சொந்த உடலின் புரதத்தையே குறிவைக்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ், எதிர்ப்புச் சக்தியை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து. வீட்டிலேயே விரலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினால் 'உங்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தின் உண்மையான வயது' என்ன என்று சொல்லும் சேவை ஒன்றை நானாகத்தான் வாங்கினேன், மருத்துவர் யாரும் எழுதித் தரவில்லை. மூன்று பெட்டிகள் கொண்ட திட்டம், கூடவே ஒரு ஆப். பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே மாதிரி இன்னும் சிலர் விற்கிறார்கள், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

ஏன் வாங்கினேன் என்றால், முடக்குவாதம் என்பதே ஒருவகையில் எதிர்ப்பு மண்டலம் சீக்கிரம் கிழடாகிப் போவதால் வருவதுதான் என்று எங்கோ படித்தேன். அது மனதில் தைத்துவிட்டது. நாற்பதில் நோய் வந்தவளுக்கு 'உள்ளுக்குள் எனக்கு எத்தனை வயது' என்று தெரிந்துகொள்ள ஆசை வராமல் இருக்குமா?

முதலில் செய்முறை. அதிகாலையில், சாப்பிடுவதற்கு முன், விரல் நுனியில் குத்தி ஐந்து வட்டங்கள் உள்ள அட்டையை நிரப்பச் சொல்கிறார்கள். அதிகாலையில்! எழுந்து ஒரு மணி நேரம் விரல் மடங்காது என்பதுதான் இந்த நோயின் அடையாளமே. குத்தும் ஊசியின் பொத்தானோ நன்றாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது. மூன்றாவது வட்டத்தோடு ரத்தம் நின்றுவிட்டது, இன்னொரு விரல், இன்னொரு குத்து. எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிய ஒரு பொருளை வடிவமைத்தவர்கள், அந்த மண்டலத்தால் பாதிக்கப்பட்ட ஒரு கையைக் கூட மனதில் வைத்துப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

அப்புறம் ஆப்பில் கேள்விகள். தூக்கம், உடற்பயிற்சி, மன அழுத்தம், புகைபிடித்தல். புகை பற்றிக் கேட்டது சரிதான், முடக்குவாதத்துக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு நன்றாக நிரூபிக்கப்பட்டது. 'தன்னுடல் தாக்கு நோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருந்தது, 'உண்டு' என்று குறித்தேன். என்ன மருந்து, என்ன அளவு, இப்போது நோய் அடங்கியிருக்கிறதா பொங்கியிருக்கிறதா என்று ஒரு கேள்வியும் இல்லை. நான் 'உண்டு' என்று சொன்னதை வைத்து அவர்கள் எதையும் மாற்றியதாகவும் அறிக்கையில் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சிவப்பு வட்டத்துக்குள் 67.

பதினெட்டு வருடம் கூடுதல். அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் நாடகமாக இருக்கும், ஆனால் தூக்கம் தள்ளித்தான் போனது. மறுநாள் அவர்கள் எதை அளக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

அவர்கள் அளப்பது ஐஜிஜி ஆன்டிபாடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கிளைகளை. ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி வகை அது, ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் இரண்டு சர்க்கரைக் கிளைகள் இருக்கும். கிளை நுனியில் கேலக்டோஸ் இருந்தால் ஆன்டிபாடி ஓரளவு சாதுவாக இருக்கும், நுனி மொட்டையாக இருந்தால் அழற்சியைத் தூண்டும் பக்கம் சாயும். வயது ஏற ஏற மொட்டைக் கிளைகளின் விகிதம் கூடுகிறது. அதனால் இதை ஒரு கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்பது வாதம். இதுவரை சரி.

ஆனால் இந்த மொட்டைக் கிளை விஷயம் பேர் வாங்கியதே முடக்குவாதத்தால்தான். 1985-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்களும் ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் இதழில் எழுதினார்கள்: முடக்குவாதக்காரர்களின் ஐஜிஜியில் கேலக்டோஸ் குறைந்திருக்கிறது என்று. நோய் அடங்கினால் அது ஏறும். கர்ப்ப காலத்தில் பல பெண்களுக்கு மூட்டுவலி ஆச்சரியமாகக் குறையும், பிரசவத்துக்குப் பின் திரும்பி வரும் என்பது தெரிந்ததே. கேலக்டோஸும் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போதும் இந்த அளவு சரிகிறது. நான் 49, அந்த வாசலில்தான் நிற்கிறேன். ஆக என் 67-க்குள் நோய் எவ்வளவு, ஹார்மோன் எவ்வளவு, வயது எவ்வளவு? பிரித்துச் சொல்ல அறிக்கையில் வழியே இல்லை. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுவிட்டு இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்வது போல இருக்கிறது.

வேறு மாதிரி கடிகாரங்களும் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ரத்தத்தில் மிதக்கும் அழற்சிப் புரதங்களை வைத்து ஒரு 'அழற்சி வயது' உருவாக்கினார்கள், அதில் முக்கியமானது சிஎக்ஸ்சிஎல்9 என்ற புரதம். ஆய்வாக அது நல்ல ஆய்வு. ஆனால் மூட்டெல்லாம் வீங்கிக் கிடக்கும் ஒருவரிடம் அழற்சிப் புரதத்தை அளந்தால் என்ன வரும் என்று சொல்ல ஆய்வகம் வேண்டுமா? அங்கேயும் எனக்கு இதே சிக்கல்தான்.

இரண்டாவது பெட்டியில் இது பட்டவர்த்தனமாகிவிட்டது. முதல் சோதனை எடுத்தபோது எனக்கு நோய் பொங்கியிருந்தது, இரண்டு மணிக்கட்டும் வீக்கம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு உயர்ந்திருந்தது. அதற்குப் பிறகு மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் அளவைக் கூட்டி, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி ஒன்றையும் சேர்த்தார். ஐந்து மாதம் கழித்து, வீக்கம் வடிந்து, தண்ணீர் பாட்டில் மூடியை நானே திறக்கிற நிலைமையில் இரண்டாவது அட்டையை அனுப்பினேன். முடிவு 58. ஆப்பில் வண்ணக் காகிதங்கள் பறந்தன, 'உங்கள் வாழ்க்கைமுறை மாற்றங்கள் பலன் தருகின்றன' என்று பாராட்டு. ஒரு மாற்றமும் செய்யவில்லை அம்மா. அதே தூக்கம், அதே சோம்பல். மாறியது மருந்து மட்டும். டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் கேலக்டோஸை உயர்த்தும் என்பது ஏற்கெனவே பதிவான விஷயம். ஐந்து மாதத்தில் ஒன்பது வயது குறைவது நிஜம் என்றால், என் மருத்துவர் இந்தப் பெட்டிக்காரர்களைவிடப் பெரிய விஷயத்தையல்லவா கண்டுபிடித்திருக்கிறார்!

இவ்வளவு திட்டிவிட்டு, அடிப்படைக் கருத்தே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். மூப்புக்கும் முடக்குவாதத்துக்கும் இருக்கும் உறவு நிஜம், நான் எதிர்பார்த்ததைவிட ஆழம். இந்தப் பெட்டி அதைத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மூப்பு என்றால் தளர்ச்சி என்று நினைக்கிறோம். எதிர்ப்பு மண்டலத்துக்கு வயதானால் அது சோம்பிப் படுத்துக்கொள்ளும், கிருமி வந்தால் எழுந்திருக்காது. பாதி உண்மை. மீதிப் பாதி, அது சிடுசிடுப்பாகவும் ஆகும். புதுக் கிருமியை அடையாளம் காணத் தெரியாது, புதுத் தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் சொல்லாது, ஆனால் எந்நேரமும் உள்ளே சன்னமாக ஒரு அழற்சி புகைந்துகொண்டே இருக்கும். இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ல் மூப்பையும் அழற்சியையும் ஒரே சொல்லாக ஒட்டி 'இன்ஃப்ளமேஜிங்' என்று இதற்குப் பேர் வைத்தார்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. எதிர்ப்பு மண்டலத்தின் காவலர்களான டி-செல்களுக்குப் பள்ளிக்கூடம் அது. எது சொந்த உடல், எது அந்நியம் என்று அங்கேதான் கற்றுக்கொடுக்கப்படுகிறது, தேறாதவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. இந்தப் பள்ளிக்கூடம் குழந்தைப் பருவத்திலிருந்தே சுருங்க ஆரம்பித்து, நடுவயதில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது. புது மாணவர்கள் வருவது குறைய, காலி இடத்தை நிரப்ப ஏற்கெனவே இருக்கும் டி-செல்களே பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. பெருகுவதற்கு ஒரு தூண்டல் வேண்டும், அந்தத் தூண்டல் உடலின் சொந்தப் புரதத் துணுக்குகளை லேசாக உரசிப் பார்ப்பதிலிருந்து வருகிறது. அப்படியென்றால் எந்த செல் அதிகம் பெருகும்? சொந்த உடலைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கிற செல். வருடக்கணக்கில் இது நடந்தால் கூட்டத்தின் குணமே மாறும் அல்லவா. வேலியே பயிரை மேய்ந்தது என்று தன்னுடல் தாக்கு நோய்க்கு எல்லோரும் உவமை சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. வேலி ஒரே நாளில் மேயவில்லை, நட்ட முள்செடிகள் செத்துச் செத்து அந்த இடத்தில் வேறு எதுவோ வளர்ந்து வேலி மாதிரி நின்றிருக்கிறது.

இதை அளக்க அழகான வழி ஒன்று உண்டு. தைமஸில் ஒரு டி-செல் உருவாகும்போது டிஎன்ஏவில் ஒரு துண்டு வெட்டுப்பட்டு, சின்ன வளையமாக உள்ளே தங்கிவிடும். செல் பிரியும்போது அந்த வளையம் நகல் ஆகாது. ஆக ரத்தத்தில் வளையம் உள்ள செல்கள் நிறைய இருந்தால் புதியவை நிறைய, குறைவாக இருந்தால் பழைய சரக்கே திரும்பத் திரும்பப் பிரிந்திருக்கிறது. மேயோ கிளினிக்கில் இருந்தபோது கொர்னேலியா வேயண்ட், யோர்க் கொரோன்சி குழுவினர் 2000-ல் முடக்குவாதக்காரர்களிடம் இதைப் பார்த்தார்கள். அதே வயது ஆரோக்கியமானவர்களைவிட வளையங்கள் குறைவு, டி-செல்களின் டெலோமியர்களும், அதாவது செல் பிரியப் பிரியத் தேயும் குரோமோசோம் நுனிகளும், வயதுக்கு மீறித் தேய்ந்திருந்தன. கவனியுங்கள், மூட்டில் சண்டை போட்டுக் களைத்த செல்களில் மட்டும் இல்லை, இன்னும் களத்துக்கே போகாத கன்னி டி-செல்களிலும் அந்தத் தேய்மானம். அப்புறம் அதே குழு தொடர்ந்து தோண்டியதில், இந்தச் செல்களில் டெலோமியரைப் பழுதுபார்க்கும் டெலோமரேஸ் குறைவு, டிஎன்ஏ உடைந்தால் மணியடிக்கும் ஏடிஎம் என்ற புரதமும் குறைவு என்று வந்தது. 2013-ல் இன்னொரு செய்தி: இவை சர்க்கரையை எரித்து ஆற்றல் எடுப்பதைவிடக் கட்டுமானப் பொருள் செய்யும் பாதைக்குத் திருப்பிவிடுகின்றன. கிழடாகி ஓய்ந்தால்கூடப் பரவாயில்லை, கிழடாகியும் வேகமாகப் பெருகித் திசுவுக்குள் புகுகின்றன.

முடக்குவாதம் பற்றிப் படிக்கும்போது சிடி28 என்ற பேர் திரும்பத் திரும்ப வரும். டி-செல் தாக்குதலில் இறங்க இரண்டு சாவி வேண்டும், அதன் மேல் இருக்கும் சிடி28 என்ற புரதம்தான் இரண்டாவது சாவிக்கான துவாரம். மூப்பில் சில செல்கள் இந்தச் சாவித்துவாரத்தையே இழந்துவிட்டு, இரண்டாவது சாவி இல்லாமலே திறந்துகொள்ளப் பழகிக்கொள்கின்றன. எளிதில் சாவதும் இல்லை. முடக்குவாதத்தில் இவை வயதுக்கு மீறி அதிகம், அதிலும் ரத்தக்குழாய் போல மூட்டுக்கு வெளியே நோய் பரவியவர்களிடம் இன்னும் அதிகம். இதே செல்கள் மாரடைப்பின் விளிம்பில் இருப்பவர்களின் ரத்தக்குழாய்ப் படிவுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. முடக்குவாதக்காரர்களுக்கு இதய நோய் ஆபத்து சுமார் ஒன்றரை மடங்கு என்று ஏன் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு ஒரு நூல் இங்கே கிடைக்கிறது. ஆனால் சைட்டோமெகலோ வைரஸ் உடம்பில் குடியிருந்தாலும் இந்தச் செல்கள் பெருகும், ஆகவே இதை மட்டும் எண்ணியும் வயது சொல்லிவிட முடியாது.

சரி, முட்டை முதலா கோழி முதலா? நோய் வந்ததால் செல்கள் கிழடானதா, கிழடானதால் நோய் வந்ததா? எனக்கு மிகவும் பிடித்த துப்பு இது: முடக்குவாத ஆபத்தைக் கூட்டும் ஹெச்எல்ஏ-டிஆர்4 என்ற மரபணு வகை உள்ள, ஆனால் நோயே வராத ஆரோக்கியமானவர்களிடமும் டெலோமியர் சீக்கிரம் தேய்வதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் எல்லாப் பழியையும் நோயின் மேல் போட முடியாது, கொஞ்சம் தேய்மானம் முன்கூட்டியே இருந்திருக்கிறது. சிசிபி ஆன்டிபாடியும் மூட்டு வலிக்க ஆரம்பிப்பதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் தலைகாட்டலாம். அதே நேரம், வந்த பிறகு ஓயாத அழற்சியும் செல்களை மேலும் கிழடாக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகின்றன. இதை ஒரே எண்ணாக்கி, சிவப்பு வட்டத்துக்குள் போட்டால் என்ன மிஞ்சும்?

வளையம், டெலோமியர், சிடி28 ஒன்றையும் என் பெட்டி அளக்கவில்லை. காய்ந்த ரத்தப் பொட்டை வைத்து வழக்கமான முறையில் செல்களை வகை பிரித்து எண்ணவும் முடியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, 'நோயெதிர்ப்பு மண்டலத்தின் உண்மையான வயது' என்று அட்டையில் போட்டதைத்தான் சொல்கிறேன். 'அழற்சி அளவுகோல்' என்று போட்டிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்.

பரிந்துரைப் பக்கம் இன்னும் மோசம். 67 வந்தவுடன், எதிர்ப்புச் சக்தியைக் 'கூட்டும்' மாத்திரைக் கலவை ஒன்றை அவர்களே விற்பதற்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்க வாராவாரம் மருந்து எடுக்கிறவளிடம்! வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு கேள்வி அனுப்பினேன்: உங்கள் கணக்கில் முடக்குவாதக்காரர்களைத் தனியாகப் பார்க்கிறீர்களா, மெத்தோட்ரெக்ஸேட்டோடு அந்தக் கலவையை எடுக்கலாமா. பதினொரு நாள் கழித்து 'உங்கள் மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரி வந்தது. கீழே அதே கலவைக்குத் தள்ளுபடிக் குறியீடு.

மருத்துவரை அணுகினேன். அறிக்கையை ஒரு முறை பார்த்தார், ஓரமாக வைத்தார், என் கைகளை எடுத்து விரல் மூட்டு, மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று 28 மூட்டுகளை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். அதில் வலி எத்தனை, வீக்கம் எத்தனை, கூடவே ரத்தத்தில் அழற்சி அளவு, நான் சொல்லும் நிலைமை, இவற்றைச் சேர்த்தால் வருகிற எண்ணைத்தான் அவர் நம்புகிறார். 67-லிருந்து 58 ஆனதைக் காட்டினேன். "அது எனக்கு உங்கள் மணிக்கட்டிலேயே தெரிகிறதே" என்றார்.

ஆனால் வயதை அவர் கணக்கில் எடுக்காமல் இல்லை. ஊசி போதவில்லை என்றால், செல்லுக்குள் அழற்சிச் செய்தி போவதைத் தடுக்கும் ஜேக் வகை மாத்திரை உண்டா என்று கேட்டபோது என் பிறந்த வருடம், புகைப் பழக்கம், குடும்பத்தில் இதய நோய், ரத்தக் கொதிப்பு எல்லாம் விசாரித்தார். 50 வயதோ அதற்கு மேலோ ஆகி இதய ஆபத்துக் காரணி ஒன்றாவது உள்ளவர்களிடம் நடத்தி 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், டோஃபாசிட்டினிப் என்ற ஜேக் மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுத்தவர்களைவிட அதிகமாக வந்தன. எனக்கு 50 நெருங்குகிறது. இங்கே பிறப்புச் சான்றிதழ் வயதுதான் பேசுகிறது, சிவப்பு வட்டம் இல்லை.

தடுப்பூசி பற்றி அறிக்கையில் ஒரு வரியாவது இருந்திருக்கலாம். எதிர்ப்பு மண்டலம் வயதுக்கு முன் தளர்ந்திருக்கிறது, மேலே மருந்தும் அடக்குகிறது என்றால் இன்ஃப்ளுயென்சா, நிமோனியா, அக்கி இவற்றுக்கான தடுப்பூசிகள்தானே முதலில் ஞாபகம் வர வேண்டும்? இன்ஃப்ளுயென்சா ஊசி போட்ட பிறகு, நோய் கட்டுக்குள் இருந்தால் இரண்டு வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தலாம், ஊசி நன்றாகப் பிடிக்கும் என்று அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. நானாக நிறுத்தவில்லை, மருத்துவர் சொல்லித்தான் நிறுத்தினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். உயிருள்ள கிருமி வைத்த தடுப்பூசி எனக்கு இப்போது கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். தன்னுடல் தாக்கு நோய் 'உண்டு' என்று குறித்தவருக்கு ஆப் அனுப்பியது மூச்சுப்பயிற்சி வீடியோ.

ஐந்தில் இரண்டு நட்சத்திரம். ஒன்று, ஆய்வகம் சொன்ன நாளில் முடிவு கொடுத்ததற்கு, அளவீடும் தன்னளவில் ஒழுங்காகத்தான் இருக்கிறது, என் நோயோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. இன்னொன்று, கோபத்தில் என்னை இவ்வளவு படிக்க வைத்ததற்கு. முடக்குவாதம், லூபஸ் மாதிரி தன்னுடல் தாக்கு நோய் இல்லாதவர்கள் ஆசைக்கு வாங்கிப் பார்க்கலாம். இருப்பவர்கள் வாங்கினால், நோய் பொங்கியிருக்கும்போது மட்டும் எடுத்துவிட்டுப் பயப்படாதீர்கள். சிஆர்பி எடுத்தாலே கிட்டத்தட்ட அதே கதைதான் வரும், கூடவே அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார்.

ஆப் இப்போதும் வாரம் ஒரு முறை 'அடுத்த சோதனைக்கு நேரமாகிவிட்டது, 58-ஐ 55 ஆக்குவோமா' என்று கேட்கிறது. மூன்றாவது பெட்டி அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது. மகள் ஊருக்குப் போயிருக்கிறாள், பிரிக்க ஆளும் இல்லை.